தெரிந்தே வந்தவள்

பேக்கரியம்மா தன் மருமகளை நர்ஸிங் படிக்க அனுப்பியதிலிருந்து தெருவுக்குச் சாப்பாடு சரியாகச் செரிக்கவில்லை. மருமகளை வேலைக்கு விரட்டுகிற மாமியார்களைத் தெரு பார்த்திருக்கிறது. வேலையை விட்டு நிறுத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறது. காலையில் தானே தலை பின்னிவிட்டு, டப்பாவில் சாப்பாடு அடைத்து, வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு, பஸ் வரும்வரை கூடவே நின்று ஏற்றிவிட்டு, பஸ் திரும்புகிறவரை கையாட்டுகிற மாமியாரைப் பார்த்ததில்லை. காரணம் இல்லாமல் ஒருத்தி நல்லவளாக இருக்க முடியாது என்பது தெருவின் உறுதியான கொள்கை. எனவே ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். வயதான காலத்தில் ஊசி போட ஓசியில் ஆள் தயார் செய்கிறாள் என்றாள் தையல்காரி. அந்தப் பெண் அடுப்புப் பக்கம் வந்தால் ரொட்டி தீய்ந்துவிடுகிறது, அதனால்தான் ஊரைவிட்டுத் தள்ளியே வைக்கிறாள் என்றார் மருந்துக்கடைக்காரர். சலூன்காரர் சொன்ன காரணத்தை எழுத முடியாது.

படிப்பு பாதியில் இருந்ததால் அவளுக்கு அரைநர்ஸ் என்று பெயரும் வைத்தார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. "மீதி அரை வரட்டும், முதல் ஊசி உங்களுக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே போவாள். சிரிக்கிற பெண்ணை எவ்வளவு நாள்தான் குறை சொல்வது.

கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பு, மாடியில் குடித்தனம். கல்லாவில் மாமனார் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பதைத் தவிர அவர் வேறெதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை. எழுந்திரிக்க வேண்டுமென்றால் இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, தொடையைப் பிடித்து, ஏதோ மூட்டையைத் தூக்குகிற மாதிரி தன்னைத் தானே தூக்கிக்கொள்வார். காலமெல்லாம் நாற்காலியைத் தேய்த்ததன் பலன் என்று தெரு தீர்ப்பு எழுதியிருந்தது. மாவு பிசைவது மூத்த மகன், அரைநர்ஸின் புருஷன், பெரியவன். மூட்டையை ஒற்றைத் தோளில் வைத்துக்கொண்டே பீடிக்கு நெருப்பு கேட்கிற உடம்பு. சரக்கைக் கடைகடையாகக் கொண்டு போடுவது இளையவன், சின்னவன்.

அந்த வீட்டில் 'அசதி' என்று ஒரு சொல் நடமாடிக்கொண்டிருந்தது. சில காலைகளில் அடுப்புக்குப் பக்கத்து அறைக் கதவு சாத்தியிருக்கும். பெரியவன் அங்கேதான் வேலை முடிந்து படுப்பான். "அவனுக்கு அசதி. தூங்கட்டும். நீ கிளம்பு கண்ணு, பஸ் போயிடும்" என்பாள் பேக்கரியம்மா. கல்யாணமான புதிதில் இந்த அசதியை வைத்துத் தெரு அடித்த கூத்தைச் சொல்லி முடியாது. அரைநர்ஸும் அவ்வளவு மாவைப் பிசைந்தால் யாருக்குத்தான் அலுக்காது என்று நினைத்துக்கொள்வாள். தாய்வீட்டுக்குப் போனால் அவளே சொல்வாள்: "அவருக்கு இன்னைக்கு அசதிம்மா, அதான் வரல." துணி தேய்த்துக்கொண்டிருக்கும் அம்மா நிமிராமல் "ம்" என்பாள்.

வகுப்பில் அரைநர்ஸுக்கு உயிர்த்தோழி ஒருத்தி. விடுதியில் இருந்த கொஞ்ச நாளில், அவள் சிரித்தால் மொத்த மாடியும் எழுந்துவிடும் என்பதால் அலாரம் என்று பெயர். ஒருநாள் பேக்கரிக்கு வந்தவளுக்குச் சின்னவன் கிரீம் பன்னைக் காசு வாங்காமல் கொடுத்தான். அடுத்த வாரமும் கொடுத்தான். பேக்கரியம்மா பார்த்துவிட்டு மருமகளிடம், "உன் சிநேகிதி எப்படி? நீயே பேசிப் பாரேன்" என்றாள்.

அரைநர்ஸ் பஸ்ஸிலேயே பேசினாள்.

"எங்க வீட்டுக்கே வந்துடேன்டி. கடைசி வரைக்கும் ஒரே பஸ்ஸுல போகலாம்."

"மாமியாரைப் பங்கு போட உனக்கு மனசு வருமாடி?"

"உனக்குக்கூடக் கொடுக்கலேன்னா எப்படி. ஒரு குறை சொல்ல முடியாத வீடுடி. மூணு வருஷமா இருக்கேன், நான் கேரண்டி."

"அரை கேரண்டிதானே" என்று அலாரம் சிரிக்க, கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரு வீட்டாரும் உட்கார்ந்து உறுதி பேசுவதென்று ஆயிற்று.

அந்த வாரத் தொடக்கத்தில் பேக்கரியம்மா உறவில் ஒரு சாவுக்குப் போய்த் தங்கிவிட்டாள். அவள் போன மறுநாள் பெரிய ஆர்டர். பெரியவன் தோள் கழன்று போகிற அளவுக்குப் பிசைந்துவிட்டு, மிஞ்சிய கிரீம் பன்களைப் பசிக்குத் தின்று, அப்படியே கட்டிலில் சாய்ந்திருந்தான். விடிந்ததும் மருமகள் கதவைத் திறந்தாள். மாமியார் இல்லாததால் தடுக்க ஆளில்லை. அவன் விழித்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுந்திரிங்க. அடுப்பு பத்த வைக்கணும்."

"எங்க எழுந்திரிக்க. கழுத்துக்குக் கீழ கடை லீவு."

கிண்டல் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்தாள். விட்டதும் கை, ஈர மாவு மாதிரி கட்டிலில் தொப்பென்று விழுந்தது. காலைத் தொட்டாள். தொட்டது தெரிகிறது என்றான், அசைக்கத்தான் முடியவில்லை. விரல்கள் மட்டும் கொஞ்சம் ஆடின.

"என்னங்க இது?"

"அசதிதான். ஏன் புதுசா பார்க்கிறவ மாதிரி முழிக்கிற? அம்மா இருந்தா பால்ல சர்க்கரை தூக்கலாப் போட்டு, பன்னைத் தோய்ச்சு ஊட்டுவாங்க."

பன் எதற்கு, உடனே தெம்பு தர குளுக்கோஸ் இருக்கிறதே என்று பாதி படித்த படிப்பு சொன்னது. பெரிய டம்ளரில் கெட்டியாகக் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். கொஞ்ச நேரத்தில் ஆடிக்கொண்டிருந்த விரல்களும் நின்றன.

"நர்ஸம்மா, உன் மருந்து நல்லா வேலை செய்யுது. விரலும் போயிடுச்சு" என்றான். அவன் சிரித்தான், அவள் அழுதாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனவளை மாமனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"விடும்மா. மத்தியானத்துக்குள்ள தானா சரியாயிடும். அவன் வயசுல எனக்கும் இப்படித்தான்."

மத்தியானம் பெரியவன் சூடான தட்டுகளை அடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தான். சின்னவனுக்கு உறுதி பேசுகிற வாரத்தில் கண் பட்டுவிட்டது என்று அவளாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு மறுநாள் வகுப்புக்குப் போனாள். தெரு மட்டுமா காரணம் கண்டுபிடிக்கும்.

வகுப்பில் ட்யூட்டர் மேடம் உடம்பின் உப்புகளைப் பற்றி எடுத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"சோடியம் வாசல்ல நிக்கிற ஆளு. பொட்டாசியம் வீட்டுக்குள்ள இருக்கிற ஆளு. செல்லுக்குள்ள அதிகம், வெளியில, ரத்தத்துல, கொஞ்சம். அந்தக் கொஞ்சம்தான் முக்கியம். அது குறைஞ்சா சதை பேச்சுக் கேக்காது. ரொம்பக் குறைஞ்சா இதயமே தாளம் தப்பும். வாந்தி, பேதின்னா உப்பு வெளிய போயிடுச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஆனா வெளிய போகாமலும் குறையும். எப்படி? நிறைய மாவுச்சத்து, இனிப்பு சாப்பிட்டா இன்சுலின் சுரக்கும். இன்சுலின் சர்க்கரையை உள்ள அனுப்புறப்போ பொட்டாசியத்தையும் சேர்த்து உள்ள தள்ளிடும்."

"மேடம், அப்போ இன்சுலின் மாமியாரா?" என்றாள் அலாரம்.

"ஆமா. பிடிச்சு உள்ள தள்ளிக் கதவைச் சாத்துறவ."

வகுப்பே சிரித்தது. அரைநர்ஸும் சிரித்தாள். மேடம் தொடர்ந்தார்.

"நமக்கெல்லாம் அது கொஞ்ச நேரத்துல சமமாயிடும். சில குடும்பத்துல ஆகாது. நல்லா உழைச்சு, இனிப்பும் மாவுமா வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுப்பாங்க. காலையில கை கால் வராது. நினைவு இருக்கும், பேச்சு இருக்கும், ஜோக்குகூட அடிப்பாங்க. பார்க்கிறவங்க சோம்பேறின்னு நினைப்பாங்க. இல்லேன்னா பலவீனம்னு குளுக்கோஸைக் கொடுத்து இன்னும் மோசமாக்குவாங்க. பரீட்சையில இதைத்தான் கேப்பேன், எழுதிக்கோங்க. ஆஸ்பத்திரின்னா ரத்தத்தைப் பார்த்து, பொட்டாசியம் கொடுத்து, இதயத்தைக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும்."

அரைநர்ஸின் பேனா நின்றுவிட்டது.

"இது பரம்பரையா மேடம்?" யாரோ கேட்டார்கள்.

"பரம்பரைதான். அப்பா, அம்மா, ஒருத்தர்கிட்ட இருந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூத்ததுக்கு வந்துடுச்சு, அடுத்தது தப்பிச்சுடும்னு கணக்குப் போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் கணக்கு முதல்லேர்ந்துதான். வயசானா இந்த முடக்கம் குறையும். ஆனா சிலருக்குத் தொடையில பலம் நிரந்தரமாப் போயிடும். கையை ஊணித்தான் நாற்காலியிலேர்ந்து எழுந்திரிப்பாங்க."

கல்லா மேசையும் அதில் ஊன்றிய இரண்டு கைகளும் அவள் கண்முன் வந்து நின்றன. பக்கத்தில் அலாரம் குனிந்து முத்துமுத்தாக எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிய பக்கத்தின் ஓரத்தில் ஒரு பன்னும் வரைந்து வைத்தாள்.

வீடு திரும்பியபோது பேக்கரியம்மா வந்துவிட்டிருந்தாள். ரொட்டி அச்சுகளைப் பரப்பிவைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மருமகள் கைப்பையைக்கூட இறக்கவில்லை.

"அத்தை, அசதின்னா என்ன?"

"படிக்கிறவ நீ. என்னைக் கேக்குற?"

"அவருக்கு வர்றது அசதி இல்ல. நோய். மாமாவுக்கும் அதேதான். மூணு வருஷமா கதவைச் சாத்திச் சாத்தி வச்சீங்க. அதை மறைக்கத்தான் என்னைப் படிக்க அனுப்பினீங்களா?"

பேக்கரியம்மா எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள்.

"மறைச்சேனா? நான் யாருகிட்ட மறைச்சேன்?"

"என்கிட்ட."

"உங்கம்மாகிட்ட உட்கார்ந்து ஒண்ணு விடாம சொன்னேனேடி. என் பையனுக்குக் கையும் காலும் விழுந்துடும், சில நேரம் பாதி நாள்கூட ஆகும், என் வீட்டுக்காரருக்கும் இருந்தது, பேரப்பிள்ளைக்கும் வரலாம்னு டாக்டர் சொன்னதையும் சொன்னேன். உன்கிட்டயும் நானே சொல்றேன்னேன். வேண்டாம், நான் பக்குவமா சொல்லிக்கிறேன்னாங்க. அடுத்த வாரம் வந்து, 'சொல்லிட்டேன், எம்பொண்ணு யோசிச்சுச் சரின்னுட்டா'ன்னாங்க."

மருமகள் கைப்பையைத் தரையில் வைத்தாள்.

"தெரிஞ்சே வந்த பொண்ணுன்னுதானே உன்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடினேன்" என்றாள் பேக்கரியம்மா. "இப்படி ஒருத்தி வருவாளான்னு சாமி கும்பிடுற மாதிரி உன்னைப் பார்த்தேன். அதைப் பார்த்துப் பார்த்து நீ கஷ்டப்பட வேண்டாம்னுதான் கதவைச் சாத்தினேன். படிக்க ஆசைன்னாங்க, படிக்க வச்சேன். கைம்மாறா வேற என்ன செய்ய?"

அடுப்பருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியவன், "உனக்குத் தெரியும்னுதான் நான் இருந்தேன்" என்றான். "அசதின்னு நான் சொன்னா நீயும் அசதின்னுதானே சொல்லுவ."

"அந்தப் பாலும் பன்னும்தான் அத்தை இன்னும் மோசமாக்குச்சு. இனிப்பே ஆகாது. நானும் நேத்து குளுக்கோஸ் கொடுத்தேன்."

பேக்கரியம்மாவின் முகம் வெளுத்தது. "பெத்தவ கையால விஷமா கொடுத்தேன்கிற?" பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "உன் சிநேகிதிகிட்ட நீ சொல்லியிருப்பேல்ல?"

"எனக்கே இன்னைக்குத்தானே தெரியும்."

பேக்கரியம்மா எழுந்தாள். எண்ணெய்க் கையைக் கழுவிக்கொண்டே சின்னவனைக் கூப்பிட்டாள். மருமகள் அதற்குள் தெருவில் இறங்கி அம்மா வீட்டை நோக்கி நடந்தாள். நடந்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. பார்த்தவர்கள் ஓடினாள் என்றுதான் சொன்னார்கள்.

அம்மா நாலு தெரு தள்ளி இருக்கிறாள். புருஷன் போன நாள் முதல் துணி தேய்த்து வளர்த்தவள். அறை முழுக்கச் சூட்டு வாடை. சட்டை ஒன்றின் காலரில் இஸ்திரிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"வாடி. என்ன இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"அவருக்கு வர்றது என்னன்னு உனக்குத் தெரியுமாம்மா?"

பெட்டி நிற்கவில்லை. "எது?"

"அத்தை சொன்னாங்க."

"அந்தம்மா ஆயிரம் சொல்லும்."

"சொன்னாங்களா, இல்லையா?"

காலர் முடிந்து கைப்பக்கம் வந்தது. கை முடிந்தது. சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்த பிறகுதான் அம்மா பேசினாள்.

"சொன்னாங்க."

"எங்கிட்ட கேட்டியா நீ? நான் சரின்னேனா?"

"கேட்டா நீ மாட்டேன்னிருப்ப. மாட்டேன்னிருந்தா ஆயுசுக்கும் இந்த மேசைக்கு அந்தப் பக்கம் நீயும் நிப்ப. படிக்க வைக்கிறோம்னாங்கடி. நர்ஸாகணும், நர்ஸாகணும்னு தூக்கத்துல புலம்பினவ நீ."

"அதுக்காக நோயை மறைச்சா கட்டி வைப்ப?"

"எந்த ஆம்பளைக்கு என்ன இல்ல? உங்கப்பனுக்கு ஒரு நோயும் இல்ல. ஒருநாள்கூட விழுந்து படுக்கல. நல்லா நிமிர்ந்து நடந்துதான் போனான், திரும்பி வராம. இவன் பாதி நாள் படுத்தாலும் அங்கேயேதானே கிடக்குறான்."

"சொல்லியிருக்கலாமேம்மா. கல்யாணத்துக்கு அப்புறமாவது."

"சொல்லத்தான் இருந்தேன். ஒவ்வொரு தடவை வரும்போதும் சிரிச்சுக்கிட்டே வந்த. அந்தச் சிரிப்பை எந்த வாயால கெடுக்க?" அம்மா அடுத்த சட்டையை எடுத்து உதறினாள். "எம்மேல கோபம்னா திட்டிட்டுப் போ. ஆனா நீ வாழுற வாழ்க்கை மோசமில்லன்னு உனக்கே தெரியும்."

அதுதான் அவளைக் குத்தியது. வாழ்க்கை மோசமில்லை. பெரியவனைத் தானாகவே தேர்ந்தெடுத்திருப்பாளோ என்னவோ, அந்தக் கேள்விக்கு இனி விடையே கிடையாது. கேட்க வேண்டிய நாளில் அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. சரி என்று சொன்ன ஒருத்தி அம்மாவின் வாயில் மட்டும் இருந்தாள். மூன்று வருடமாக அந்த வீட்டில் எல்லாரும் பாசம் காட்டியதெல்லாம் அந்த ஒருத்தியிடம்தான்.

அன்று அங்கேயே ஒரு மூலையில் படுத்தாள். அம்மா தட்டில் போட்டு வைத்தது ஆறிப்போயிற்று. விடிந்ததும் முதல் வேலையாக அலாரத்தின் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். தனக்கு நடந்தது அவளுக்கு நடக்கக் கூடாது. அதைச் சொல்கிற வாய் தன்னுடையதாக இருக்க வேண்டும்.

அலாரம் குழாயடியில் வெள்ளைக் கோட்டின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருப்பதைப் பார்ப்பது அரைநர்ஸுக்கு அதுதான் முதல் தடவை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி."

"உங்க மாமியார் நேத்தே வந்தாங்க. சின்னவரும் வந்தார். எல்லாம் சொல்லிட்டாங்க."

"எல்லாமேவா?"

"நோய்க்குப் பேர்தான் அவங்களுக்குச் சொல்லத் தெரியல. ஆனா நேத்து வகுப்புல நான் எழுதினது மொத்தமும் அதுதான். ஓரத்துல பன்னு வேற வரைஞ்சேன்." காலரை மேலும் தேய்த்தாள். "நீ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்த. என் பேனாவைப் பார்த்துக்கிட்டே இருந்த."

"எனக்கும் அப்பத்தான்டி தெரியும்."

"மூணு வருஷம் உன் புருஷன்கூட ஒரே வீட்டுல இருக்க. நர்ஸிங் படிக்கிற. கையும் காலும் வராமப் படுத்திருக்கிற மனுஷனைத் தூங்குறாருன்னு நினைச்சியா?"

"கதவைச் சாத்திடுவாங்க. அசதின்னுதான் சொல்லுவாங்க. அத்தைகிட்டயே கேட்டுப் பாரு."

"எங்கம்மா கேட்டாங்க. 'உங்க மருமக ஏன் எங்ககிட்ட சொல்லல, அவளுக்குத் தெரியாதா?'ன்னு. அந்தம்மா, 'அவ சொல்லியிருப்பான்னு நினைச்சேன்'னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் பேசல. தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. இந்த நிலைமையிலும் மருமகளை விட்டுக் கொடுக்கலையேன்னு எங்கம்மா உருகிட்டாங்க."

பேக்கரியம்மா ஒரு பொய்யும் சொல்லவில்லை. மூத்தவளுக்கு நோயைச் சொல்லாமல் கொண்டுவந்த வீடு என்று வாய்விட்டுச் சொன்னால் இளையவளை யார் அனுப்புவார்கள்? 'அவளுக்கும் தெரியாது' என்ற ஒரு வாக்கியம்தான் மிச்சம் இருந்தது. அதை அவள் விழுங்கிக்கொண்டாள். அவ்வளவே.

"எங்கம்மாதான்டி மறைச்சுட்டாங்க" என்றாள் அரைநர்ஸ். சொன்ன பிறகு அவள் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. "அத்தை எங்கம்மாகிட்ட சொல்லியிருக்காங்க. எங்கம்மா எங்கிட்ட சொல்லல."

அலாரம் கோட்டைப் பிழிந்தாள். தண்ணீர் ஒழுகி முடிகிறவரை முறுக்கினாள்.

"துணி தேய்ச்சு உன்னை வளர்த்த அம்மா. அவங்க தலையிலயா கொண்டு போய் வைக்கிற?"

உள்ளேயிருந்து அலாரத்தின் அம்மா டீ கொண்டுவந்தார். எப்போதும் தருகிற வாய் நெளிந்த டம்ளரில் இல்லை. பூப்போட்ட கோப்பையில், கீழே தட்டு வைத்து. "எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை?"

"வரச் சொல்லியாச்சு. எனக்கும் ரெண்டு தடவை வந்திருக்குன்னு அவரே சொன்னார். பயமா இருந்துச்சு. ராத்திரி பூரா யோசிச்சேன். எதிர்ல நின்னு சொல்றவரை நம்பலாம். பிள்ளை விஷயம் நாங்க டாக்டர்கிட்ட போய்ப் பேசி முடிவு பண்ணிக்கிறோம். மாமியாரும் நல்லவங்க. அந்த வீட்டுல எனக்கு ஒருத்தர்தான் இடிக்குது."

டீயில் ஆடை படிந்தது. அரைநர்ஸ் அதைக் குடிக்காமல் குழாய்த் திண்டின் மேல் வைத்தாள். அலாரம் கோட்டைக் கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டி, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"பஸ் வர்ற நேரமாச்சு" என்றாள் அரைநர்ஸ். "இடம் பிடிச்சு வைக்கட்டுமாடி?"

அலாரம் திரும்பினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ஓரகத்திக்குச் செய்ய வேண்டிய முறைப்படி வாசல் வரைக்கும் வந்தாள்.

"வேண்டாம். நீங்க போங்க அக்கா. நான் அடுத்த பஸ்ஸுல வர்றேன்."